அப்ரண்டிஸ் பயிற்சியைத் திட்டமிட்டு, பேசி, எழுதி வாங்குவது எப்படி? வடசென்னைக்கான முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் ஐடிஐ முடித்துவிட்டு அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, சேர்ந்த பையனிடம் எந்தக் கம்பெனி என்று கேட்டால் பெயர் சட்டென்று வரும். ஸ்டைபண்ட், அதாவது மாத உதவித்தொகை, எவ்வளவு என்பதும் வரும். முதல் மூன்று மாதம் என்ன சொல்லித் தரப்போகிறார்கள், யார் சொல்லித் தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவான். அவனை எடுத்த கம்பெனியில் கேட்டாலும் பெரும்பாலும் அதே கதைதான். ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும், அரசு போர்ட்டலில் பதிவும் ஆகியிருக்கும். பயிற்சி என்ன என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். அப்படிச் சேர்ந்தவன் ஒரு வருடம் டீ வாங்கி, ஸ்டோர்ஸுக்கு நடையாய் நடந்து, ஒரே டிரில்லிங் மெஷினில் ஒரே மாதிரி துளை போட்டுவிட்டு வெளியே வருவான்.

திருவொற்றியூர், மணலி, எண்ணூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் அப்ரண்டிஸ் சேரப்போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். முப்பது, நாற்பது பேரை வைத்து ஒர்க்‌ஷாப் நடத்துகிற முதலாளிகளும் படிக்கலாம். என்னைக் கேட்டால் அவர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

முதல் படி: எந்த வழியாகச் சேர்கிறீர்கள்?

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம். அதன் கீழ் இரண்டு பாதைகள். பத்தாவது, பன்னிரண்டாவது, ஐடிஐ படித்தவர்கள் பெரும்பாலும் நாப்ஸ் என்கிற தேசிய அப்ரண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்தில் வருவார்கள். 2016-ல் தொடங்கியது. இதற்கு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு நாட்ஸ் (தேசிய அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டம்) என்று தனித் திட்டம் இருக்கிறது. அதைத் தென்மாநிலங்களுக்குக் கவனிப்பது தரமணியில் உள்ள பயிற்சி வாரியம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "பெரிய கம்பெனியில் போட்டுத் தருகிறேன், முப்பதாயிரம் ஆகும்" என்று யாராவது வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வயது குறைந்தது 14. அபாயகரமான தொழில்கள் சார்ந்த டிரேடுகளுக்கு (தொழிற்பிரிவுகளுக்கு) 18. மணலி பக்கம் ரசாயன ஆலைகள் அதிகம் என்பதால் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஸ்டைபண்டுக்குச் சட்டப்படி கீழ்வரம்பு உண்டு. 2019-ல் திருத்திய விதிகளின்படி பத்தாவது படித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டுக்கு 10 சதவீதம் கூடும். கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள தொகையைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், குறைக்க முடியாது. இன்னொன்று: நாப்ஸில் ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, அரசு நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடும். 7,000 பேசியிருந்தால் கம்பெனியிடமிருந்து 5,500-ம் அரசிடமிருந்து 1,500-ம் தனித்தனியாக வரும். இது தெரியாமல் "பேசியதைவிடக் குறைத்துப் போட்டுவிட்டார்கள்" என்று முதல் மாதமே சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும்.

ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புகள், பெரிய பொதுத்துறை ஆலைகள் எல்லாம் அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுக்கும். அங்கே பயிற்சி அட்டவணை ஏற்கெனவே அச்சடித்து வைத்திருப்பார்கள், பேரம் பேச இடமில்லை. எந்தெந்த ஷாப்பில் எத்தனை வாரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். கீழே சொல்வதெல்லாம் நடுத்தர, சிறிய கம்பெனிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். பேசி வாங்க வேண்டிய அவசியமும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: இடத்தை நேரில் பாருங்கள்

கையெழுத்துக்கு முன்னால் ஷாப் ஃப்ளோரை ஒரு தடவை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். உள்ளே போனதும் மெஷின்களை எண்ணாதீர்கள், எத்தனை மெஷின் ஓடுகிறது என்று பாருங்கள். நான்கு லேத்தில் மூன்று தூசி படிந்து நின்றால் டர்னர் அப்ரண்டிஸுக்கு அங்கே கற்க ஒரு லேத்தான். டிராயிங் பார்த்து வேலை செய்கிறார்களா, பழைய சாம்பிளை வைத்து அளந்து செய்கிறார்களா என்று கவனியுங்கள். இப்போது அங்கே இருக்கிற அப்ரண்டிஸ்கள் எந்த வேலையில் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். முடிந்தால் கேன்டீனில் அவர்களில் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். எச்ஆர் அரை மணி நேரம் சொல்வதைவிட அதில் விஷயம் இருக்கும்.

பெண்கள் சேர்வதாக இருந்தால் உடை மாற்ற அறை, கழிப்பறை, ஷிஃப்ட் முடியும் நேரம் மூன்றையும் நேரடியாகக் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

போக்குவரத்தும் பயிற்சியில் சேர்த்திதான். எண்ணூர், அத்திப்பட்டு என்றால் கும்மிடிப்பூண்டி லைன் ரயில் இருக்கிறது. திருவொற்றியூருக்கு விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. மணலிக்குப் பயணிகள் ரயிலே கிடையாது, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அரை மணி நேரப் பாதை ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதைகள் நிரம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஷிஃப்ட் தொடக்கம் 7-க்கா 8-க்கா, தாமதமானால் எப்படிக் கணக்கு வைப்பார்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பயிற்சித் திட்டத்தைத் தாளில் எழுதுங்கள்

மற்ற எல்லாவற்றையும் அவசரத்தில் விட்டாலும் இந்தத் தாளை விடாதீர்கள். "இதெல்லாம் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?" என்று பெற்றோர் தயங்குவார்கள். இருக்கிறது. சட்டத்துக்கு முரண்படாத எந்த நிபந்தனையையும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்று சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. அதனால் பயிற்சித் திட்டத்தை ஒரு தனித்தாளாக இணைத்துக் கையெழுத்து வாங்குவது முறையான வேலை.

தாளில் நான்கு கட்டம் போடுங்கள். என்ன வேலை, எந்த மெஷினில் அல்லது இடத்தில், யார் சொல்லித் தருவார், எதைச் செய்து காட்டினால் அது முடிந்ததாகக் கொள்வது. முதல் மூன்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். நான்காவதில்தான் எல்லோரும் நழுவுவார்கள். "கிளாண்ட் பேக்கிங் பயிற்சி" (வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வேலை) என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். "2 இஞ்ச் வால்வைத் தனியாகப் பிரித்து, பேக்கிங் மாற்றி, ஹைட்ரோ டெஸ்டில் (நீரழுத்தச் சோதனையில்) கசிவில்லாமல் நிற்க வைக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

ஒரு மாதிரி தருகிறேன். மணலியில் ஆலைகளுக்கு வால்வு, பம்ப் பழுது பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப் என்று வைத்துக்கொள்வோம். ஐடிஐ ஃபிட்டர் முடித்த ஒருவருக்கு 12 மாதம்.

முதல் மாதம்: பாதுகாப்பு விதிகள், ஸ்டோர்ஸ், டூல்களின் பெயர், அளவெடுத்தல். ஐடிஐயில் படித்ததுதானே என்று தாண்டிவிடக் கூடாது. வெர்னியரில் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. தடுமாறாமல் படிக்கிறாரா என்று முதல் வாரமே சோதித்துவிட வேண்டும். தடுமாறினால் திட்டத்தையே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2, 3-வது மாதம்: பெஞ்ச் வேலை. மார்க்கிங், ஃபைலிங், டிரில்லிங், ரீமிங், டேப்பிங். உடைந்த ஸ்டட்டை எடுப்பது. கேஸ்கெட் வெட்டுவது.

4 முதல் 6: வால்வு. பிரிப்பது, பாகங்களுக்குக் குறியிடுவது, சீட் லேப்பிங் (வால்வு அமரும் முகத்தைத் தேய்த்துச் சமன்படுத்துவது), ப்ளூ மேட்ச் பார்ப்பது (நீலச் சாயம் தடவி இரு முகங்களும் பொருந்துகிறதா என்று சோதிப்பது), பேக்கிங், ஹைட்ரோ டெஸ்ட். லேப்பிங்குக்கு மட்டும் மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். கைப்பழக்கம் வந்தால்தான் அது வரும், சொல்லிக் கொடுத்து வராது.

7 முதல் 9: சென்ட்ரிஃபியூகல் பம்ப். பேரிங் கழற்றி மாட்டுவது, மெக்கானிக்கல் சீல், டயல் கேஜ் வைத்து கப்ளிங் அலைன்மென்ட்.

10, 11: சீனியர் ஒருவரோடு சைட்டுக்குப் போவது. ஒர்க் பெர்மிட் (வேலை தொடங்க எழுத்து அனுமதி), லாக்-அவுட் (வேலை முடியும்வரை மெஷின் ஓடாதபடி பூட்டி வைப்பது) எப்படி நடக்கிறது என்று உடனிருந்து பார்ப்பது. தனியாக அனுப்பக் கூடாது என்பதைத் தாளிலேயே எழுதுங்கள்.

12: விடுபட்டதை முடிப்பது, தேர்வுக்குத் தயாராவது.

இதைப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் மணலியில் ஷட்-டவுன் என்று ஒன்று வரும். ஆலை பராமரிப்புக்காக நிற்கும்போது நூற்றுக்கணக்கில் வால்வுகள் ஒர்க்‌ஷாப்பில் வந்து குவியும். எல்லோரும் ஓவர்டைம் பார்ப்பார்கள், அப்ரண்டிஸின் அட்டவணை குப்பைக்குப் போய்விடும். பெரும்பாலான திட்டங்கள் சாகிற இடம் இதுதான். அதனால் ஷட்-டவுன் எந்த மாதம் என்று முதலாளியிடம் கேட்டு, வால்வுப் பகுதியை அந்த மாதத்துக்கே நகர்த்திவிடுங்கள். ஆறு மாதத்தில் கையில் படுகிற வேலை மூன்று வாரத்தில் படும். அதோடு தாளின் அடியில் ஒரு வரி: எந்தப் பகுதியையும் தள்ளிப் போடலாம், ரத்து செய்யக் கூடாது.

ஓவர்டைம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அப்ரண்டிஸ் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அதிகாரி) அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. அது பயிற்சிக்கு உதவும் என்றோ பொதுநலனுக்குத் தேவை என்றோ அவர் நம்பினால்தான் அனுமதிப்பார். பீஸ்-ரேட் கணக்கில் கூலி கொடுப்பதும் கூடாது, உற்பத்தி போனஸ் திட்டத்தில் சேர்ப்பதும் கூடாது. "பத்து பீஸ் போட்டால் இவ்வளவு தருகிறேன்" என்பது பையனுக்கு இனிப்பாகத்தான் கேட்கும். அன்றிலிருந்து அவன் ஒரே மெஷினை விட்டு நகர மாட்டான், யாரும் நகர்த்தவும் மாட்டார்கள்.

நான்காம் படி: சொல்லித் தரப்போகிறவரோடு பேசுங்கள்

கையெழுத்துப் போடுவது முதலாளி. கற்றுக்கொடுக்கப் போவது ஷாப்பில் இருக்கும் சீனியர் ஃபிட்டர். இரண்டும் ஒருவரே இல்லை என்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். முதலாளி நேரில் நின்று கற்றுக்கொடுக்கத் தகுதியுள்ளவர் இல்லையென்றால், விதித்த தகுதி உள்ள ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பில் வைக்க வேண்டும் என்று சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். "எல்லாரும் சொல்லித் தருவாங்க" என்றால் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

அந்த சீனியரின் பக்கமும் யோசித்துப் பாருங்கள். அவருக்கு நாளுக்கு இத்தனை ஜாப் என்று டார்கெட் இருக்கும். இன்சென்டிவ் அதைப் பொறுத்துத்தான் வரும். பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திவிட்டு, "இவனுக்குக் கத்துக்கொடுங்க, ஆனா டார்கெட் குறையக் கூடாது" என்றால் அவர் என்ன செய்வார்? "தம்பி, போய் அந்த வேஸ்ட் துணியை எடுத்துட்டு வா" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலாளிகளே, வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு மணி நேரம், டார்கெட்டிலிருந்து கழித்துக் கொடுங்கள். செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று வைத்துக்கொண்டால் நன்றாக நடக்கும், காலையில் மெட்டீரியல் அனுப்பும் நெருக்கடி இருக்கும். அந்த மணி நேரத்தை எழுத்தில் போடுங்கள். இன்சென்டிவில் கை வைக்காமல் இருந்தால், கொடுக்க மனமுள்ள சீனியர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பையனுக்கும் ஒரு வார்த்தை. முதல் நாள் போய் "அண்ணா, இன்னைக்கு என்ன கத்துத் தரப்போறீங்க?" என்று கேட்டு நிற்காதே. முதல் வாரம் அவருடைய டூல்ஸை எப்படி அடுக்கி வைக்கிறார் என்று பார். அப்புறம் கேள்.

ஐந்தாம் படி: உட்கார்ந்து பேசுவது

முதலாளி அல்லது மேனேஜர், சொல்லித் தரப்போகிற சீனியர், அப்ரண்டிஸ், வயது குறைவு என்றால் வீட்டிலிருந்து ஒருவர். நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே மேஜையில். தனித்தனியாகப் பேசினால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை ஓடும். அம்மா வந்தால் பெரும்பாலும் அவர்தான் சரியான கேள்வியைக் கேட்பார்: "கை கால்ல அடிபட்டா யார் பார்ப்பாங்க சார்?" பயிற்சியின்போது வேலையால் காயம் ஏற்பட்டால் நட்டஈடு தரும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு, 16-வது பிரிவு. ஆனால் அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். மற்ற தொழிலாளர்களுக்கு இருக்கிற பிஎஃப், இஎஸ்ஐ இவருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள், முதலில் யார் பணம் கட்டுவார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கிளவுஸ் யார் வாங்கித் தருவார்கள் என்பதையும்.

லீவு கம்பெனியின் வழக்கப்படி இருக்கும். எத்தனை நாள், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது போதும்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

இனி முதலாளிகளுக்கு. காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 வரை உங்கள் விருப்பம். எண்ணிக்கை மொத்தப் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 40 பேர் என்றால் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை. என் யோசனை, முதல் வருடம் ஒருவரோ இருவரோ போதும். ஆறு பேரை எடுத்து ஆறு பேரையும் எடுபிடி ஆக்குவதைவிட அது எவ்வளவோ மேல். உங்களிடம் ஒரு மெஷின் இல்லை, பக்கத்து ஷெட்டில் இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சில கம்பெனிகள் சேர்ந்து, ஆலோசகரின் ஒப்புதலோடு, பயிற்சியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். சின்னச் சின்ன ஷெட்டுகள் அடுத்தடுத்து இருக்கிற நம் பக்கத்தில் இதை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

ஆறாம் படி: ஒப்பந்தமும் பதிவும்

ஒப்பந்தம் செய்துகொண்ட தேதியிலிருந்துதான் பயிற்சி தொடங்கியதாகக் கணக்கு. "இப்ப வேலைக்கு வா, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு மாதம் ஓட்டினால் அந்த இரண்டு மாதம் எந்தக் கணக்கிலும் வராது, அடிபட்டால் கேட்க ஆளும் இருக்காது. கையெழுத்தான 7 நாளுக்குள் கம்பெனி விவரங்களைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். உங்கள் லாகினில் போய்ப் பாருங்கள்: டிரேடு சரியா, தொடக்க தேதி, முடிவு தேதி, ஸ்டைபண்ட் தொகை. ஃபிட்டர் படித்தவரை வேறு ஏதோ பெயரில் பதிவு செய்திருப்பது அபூர்வமான தவறு இல்லை. முதல் வாரத்தில் திருத்துவது சுலபம், பத்தாவது மாதத்தில் திருத்துவது பெரும்பாடு. பயிற்சித் தாளோடு சேர்த்து ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மாதம் ஒரு முறை பாருங்கள்

பயிற்சியின் முன்னேற்றத்துக்குப் பதிவேடு வைப்பது கம்பெனியின் கடமை. அது அலமாரியில் இருக்கட்டும், அப்ரண்டிஸ் தனியாக ஒரு லாக்புக் வைத்துக்கொள்ள வேண்டும். தினம் நான்கு வரி போதும்: என்ன ஜாப், எந்த மெஷின், என்ன அளவு, எங்கே சொதப்பியது. வாரக் கடைசியில் சீனியரிடம் ஒரு கையெழுத்து. அந்தப் பக்கத்தை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைபண்ட் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் வர வேண்டும். அதை ஒட்டியே பத்து நிமிடம் அந்தத் தாளை எடுத்து வைத்து, எது முடிந்தது, எது தள்ளிப் போனது என்று பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எதுவும் முடியவில்லை என்றால் அப்போதே பேசிவிட வேண்டும்.

பேச்சு எடுபடாவிட்டால்

முதலில் சீனியர், அப்புறம் மேனேஜர், அதற்கப்புறம் எழுத்தில். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் அப்ரண்டிஸைப் போடுவது சட்டப்படி தண்டனைக்குரியது. அதைச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. தாளையும் லாக்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

சரி, அதற்கும் அசையவில்லை என்றால் அப்ரண்டிஸ் ஆலோசகரிடம் மனு கொடுக்கலாம். மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை கிண்டியில் இருக்கிறது. மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்கு மத்திய அரசின் மண்டல அலுவலகம், அதுவும் கிண்டிதான். ஒப்பந்தத்தை முறிக்க விரும்பும் எந்தத் தரப்பும் ஆலோசகரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தவறு கம்பெனியின் பக்கம் என்று ஆகி ஒப்பந்தம் முறிந்தால் மூன்று மாத ஸ்டைபண்டை அவர்கள் நட்டஈடாகத் தர வேண்டும். தவறு அப்ரண்டிஸின் பக்கம் என்றால் அதே மூன்று மாதத் தொகையை அவரிடமிருந்து வசூலிக்கலாம். அதனால் கோபத்தில் நாளைமுதல் வரமாட்டேன் என்று நின்றுவிடாதீர்கள். இரண்டு கம்பெனிகளும் ஒத்துக்கொண்டு ஆலோசகர் ஒப்புதல் கொடுத்தால், மீதிப் பயிற்சியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

கடைசி இரண்டு மாதம்

டிரேடு அப்ரண்டிஸ்களுக்கு முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு உண்டு. தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். தியரித் தாளில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம், பிராக்டிகலில் இல்லை. ஆகவே 11-வது மாதமே புத்தகத்தை எடுத்துவிடுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டார்களா என்று கம்பெனியிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பயிற்சி முடிந்தால் வேலை தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. தாங்கள் பயிற்சி கொடுத்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பதோடு சட்டம் நிற்கிறது. அந்தக் கொள்கை என்ன, போன பேட்சில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். ரயில்வே நிறுவனங்களில் ஆக்ட் அப்ரண்டிஸ் (இந்தச் சட்டத்தின் கீழான பயிற்சி) முடித்தவர்களுக்கு, லெவல் 1 என்கிற அடிநிலைப் பணிகளின் நேரடித் தேர்வில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு உண்டு. ஐசிஎஃப் அறிவிப்பு வரும்போது பெரம்பூரே பரபரப்பாவது இதனால்தான். அதற்கும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

வெளியே வரும்போது கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள். "நல்ல நடத்தை உடையவர்" என்று ஒரு வரியில் முடிக்கிற கடிதம் பயன்படாது. பயிற்சித் தாளில் முடித்த பகுதிகள் ஒவ்வொன்றையும், என்ன சைஸ் வால்வு, என்ன பம்ப், எந்த அளவு வரை என்று எழுதச் சொல்லுங்கள். எழுத நேரமில்லை என்பார்கள். நீங்களே டைப் அடித்துக்கொண்டு போய் நீட்டினால் கையெழுத்தும் சீலும் அன்றைக்கே கிடைத்துவிடும்.